பென்சில் பதிவு

இங்கிட்டு உக்காரு பாப்பா. பையை நான் மடியில வச்சுக்கிறேன், நீ நல்லா நகண்டு உக்காரு. ஏன், அங்க நல்ல சன்னல் சீட்டாத்தானே இருந்துச்சு, அதை விட்டுட்டு வந்துட்ட? ஓகோ. அந்த நீலச் சட்டைக்காரரா? பின் சீட்டுல இருந்து சந்துக்குள்ள காலை விடுறாரா? சரி விடு. ஆளைப் பாத்தா பெரிய மனுஷனா இருக்காரு, தூக்கத்துல நீட்டியிருப்பாரு. நீதான் இடம் மாறி வந்துட்டேல்ல, அத்தோட முடிஞ்சுது. கண்டக்டர் அது இதுன்னு போனா பஸ்ஸை நிறுத்துவாங்க, ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. எனக்கு வேற பதினொரு மணிக்கு மதுரையில இருந்தாகணும்.

மணி என்ன பாரு. எட்டே முக்காலா? பரமக்குடி தாண்டிட்டோம். பத்தரைக்குப் போயிருவான்ல? போயிருவான். போன தடவை ரயில்வே கேட்டுல இருபது நிமிஷம் போட்டுட்டான். இன்னைக்கு அப்படி ஆச்சுன்னா நான் செத்தேன்.

இல்ல, பையை நீ வாங்காத. கனமாத்தான் இருக்கும், எனக்குப் பழக்கம். உள்ள ரிஜிஸ்டர் இருக்கு. ஆபீஸ் ரிஜிஸ்டர். அதோட கூப்பிட்டிருக்காங்க.

நான் யுனிவர்சிட்டியில சூப்பிரண்டு. எந்த யுனிவர்சிட்டின்னு கேக்காத, இப்ப பேரு பேப்பர்லயெல்லாம் வந்து நாறிப்போச்சு. தபால் செக்‌ஷன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், டிசம்பர் முப்பத்தொண்ணு ரிட்டயர்மென்ட். யுனிவர்சிட்டிக்கு வர்ற ஒரு கடுதாசி, ஒரு மனு, ஒரு கல்யாணப் பத்திரிகை என் கை படாம உள்ள போகாது. கவரைக் கிழிக்கிறது நான், நம்பர் போடுறது நான், எந்த டேபிளுக்குப் போகணும்னு எழுதுறது நான். வைஸ் சான்சலரே ஒரு தடவை மீட்டிங்குல சொன்னாரு, சௌந்தரவல்லி ரிஜிஸ்டரைக் கண்ணுல ஒத்திக்கலாம்னு. அடித்தல் திருத்தல் கிடையாது. எழுத்து அமுங்கி இருக்கும். அந்தக் காலத்துல மூணு கார்பன் வச்சு எழுதுன கை, இப்பவும் அதே அழுத்தம்தான். என் வீட்டுக்காரரு சொல்லுவாரு, நீ பால்காரனுக்குச் சீட்டு எழுதுனாக்கூட மேசையில பதியுதுடின்னு.

அப்படி இருந்தவளை ஒரு பொண்ணு கோர்ட்டுல எழுதிக் குடுத்துருச்சு. முழுப் பேரு. கண்காணிப்பாளர் திருமதி சௌந்தரவல்லி. அதுதான் பாப்பா எனக்கு ஆற மாட்டேங்குது. அந்த ஆளு மேல எழுது, வேணாங்கல. ரெஜிஸ்ட்ரார் மேல எழுது. நான் என்ன செஞ்சேன்? மனுவைத் திருப்பி அனுப்புனேன். அவ்வளவுதானே?

நீ என்ன, படிக்கிறியா, வேலைக்குப் போறியா? சரி சரி, போன்ல பேசிக்கிட்டே வா, எனக்கு ஒண்ணும் இல்ல. பேசலையா? அப்ப கேளு. நீயே சொல்லு, என் மேல என்ன தப்புன்னு.

காளீஸ்வரின்னு பொண்ணு. முதுகுளத்தூர்ப் பக்கம். அப்பா மொளகா வெவசாயம். பாட்டனியில பி.எச்டி., கடல்பாசி பத்தி. நாலாவது வருஷம். பாசி எடுக்கக் கடற்கரைக்குப் போவாங்க, அங்க யுனிவர்சிட்டிக்கு ஒரு சின்னக் கட்டடம் இருக்கு, ரெண்டு ரூமு. கைடு பேரு டாக்டர் சிதம்பரநாதன். நல்ல பேரு அவருக்கு. ஆபீஸுக்கு வந்தா எல்லாரையும் அம்மா அம்மான்னுதான் கூப்பிடுவாரு. பொங்கலுக்கு எங்க செக்‌ஷனுக்குக் கரும்பு கொடுத்து விடுவாரு. பிப்ரவரி நாலாந்தேதி அந்தக் கட்டடத்துல வச்சு அந்தப் பொண்ணுகிட்ட… உனக்குப் புரியும்ல. கதவைச் சாத்தி வச்சிருக்காரு. நான் வாயால சொல்ல மாட்டேன்.

அது என்ன செஞ்சிருக்கணும்? போர்டுல போட்டிருக்கு, பெரிய எழுத்துல, பெண்கள் புகார்க் குழுன்னு. ஏழு பேர் பேரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு. போன் பண்ணுச்சாம். அந்த மேடம் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சாம், அவங்க மருமக எடுத்து ராங் நம்பர்னு வச்சிருச்சாம். அடுத்த நம்பருக்குப் போட்டா அவரு காலமாயிட்டாரு. ஆமா, போர்டு பழசுதான். அதுக்குப் போர்டு எழுதுறவனைக் கேக்கணும், என்னை ஏன் கேக்குற? அந்தக் குழு சார்பா வருஷா வருஷம் பெண்கள் பாதுகாப்பு வாரம் கொண்டாடுறோமே, அது கண்ணுக்குத் தெரியலையா? கோலப்போட்டி வச்சோம். நூத்தி நாப்பது கோலம். நான்தான் ஒரு ஜட்ஜு. தராசு பிடிச்ச பொம்பளை மாதிரி ஒரு கோலம், அதுக்குத்தான் நான் முதல் பரிசு குடுத்தேன்.

கொஞ்சம் அந்தச் சன்னலை ஏத்தேன். காத்து வரல. வேண்டாம், ரொம்ப ஏத்தாத, முடி பறக்குது.

எங்க விட்டேன்? ஆங், மார்ச் பதினொண்ணு. மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு கவுண்டர்ல வந்து நிக்குது. எனக்கு நல்லாத் தெரிஞ்ச பொண்ணுதான், ஸ்காலர்ஷிப் பாரம், அந்தப் பாரம் இந்தப் பாரம்னு நாலு வருஷமா வரும். என் பானையிலதான் தண்ணி குடிக்கும். அன்னைக்குக் கவர் ஒண்ணை நீட்டுது. ரெஜிஸ்ட்ராருக்கு. நல்லா ஒட்டி, ஒட்டுன இடத்துல செலோடேப் வேற. மேடம் இதைப் பிரிக்காமக் குடுக்க முடியுமான்னு கேக்குது. பிரிக்காம எப்படிம்மா நம்பர் போடுறதுன்னு நான் பிரிச்சேன். ரெண்டு பக்கம். படிச்சேன். படிக்காம எந்த டேபிளுன்னு எழுத முடியாதே.

படிச்சேன் பாப்பா. ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்தேன். ஆனா பாரு, மேல பாக்குறேன், த்ரூ போடல.

த்ரூன்னா தெரியுமா உனக்கு? ஆராய்ச்சி மாணவர் எந்த மனு எழுதுனாலும் நேரா அனுப்பக்கூடாது. கைடு மூலமாத்தான் அனுப்பணும். அனுப்புநர், பெறுநர், நடுவுல ‘நெறியாளர் மூலமாக’ன்னு போட்டு அவரு கையெழுத்து வாங்கி, அவரு துறைத் தலைவருக்கு அனுப்பி, அப்புறம் எங்ககிட்ட வரணும். லீவு லெட்டர்ல இருந்து எல்லாம் அப்படித்தான். அதுதான் முறை.

கேட்டேன். ஏம்மா, த்ரூ போடலையேன்னு. அது சொல்லுச்சு, மேடம் அவரைப் பத்தித்தான் மேடம் எழுதிருக்கேன்னு. நான் சொன்னேன், யாரைப் பத்தி எழுதுனாலும் த்ரூ த்ரூதாம்மான்னு.

ஏன் அப்படிப் பாக்குற? நீ ஆபீஸ்ல வேலை பாத்ததில்லை, அதான். இன்னைக்கு ஒருத்திக்காக முறையை விட்டா நாளைக்கு எல்லாரும் நேரா வந்து நிப்பாங்க. சின்னத் துண்டுத் தாளுல எழுதிப் பின் பண்ணுனேன். நெறியாளர் மூலம் உரிய முறையில் அனுப்புகன்னு. அதைத்தான் எழுதணும். அந்தப் பொண்ணு கையிலயே குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா இன்னைக்கு நான் இந்தப் பஸ்ஸுல இருக்க மாட்டேன். ஆனா திருப்புற தபாலை ஆளு கையில குடுக்கக்கூடாது, துறைக்குத்தான் அனுப்பணும். பூமிநாதன்னு எங்க பியூன், சாயங்காலம் அவன் தபால் கட்டுல வச்சேன். அவன் என்ன செய்வான், பாட்டனித் தபாலோட கொண்டு போய்ச் சிதம்பரநாதன் மேசையில வச்சுட்டான்.

ஆமா. அவரு மேசையிலதான்.

பிரிச்ச கவர். மேல என் துண்டுச் சீட்டு.

தண்ணி வச்சிருக்கியா? குடு ஒரு வாய். காலையில ஒண்ணும் சாப்பிடல. அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு வந்துட்டேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு லேப் சாவியைப் பிடுங்கிட்டாங்களாம். ஆராய்ச்சி திருப்தியில்லைன்னு ரிப்போர்ட். அவங்க அப்பாவுக்கே போன் போட்டிருக்காரு மனுஷன், உங்க பொண்ணு கவனம் படிப்புல இல்ல, வேற எங்கயோ இருக்கு, கூட்டிட்டுப் போயிருங்கன்னு. அந்த அப்பாவும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து ஹாஸ்டல்ல நின்னு எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் அதை அடிச்சுட்டாரு. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். அது அதுக்கப்புறம் கவுண்டருக்கு வரவே இல்ல. தண்ணி குடிக்கவும் வரல. நானும் சரி, சமாதானமாப் போயிருச்சு போலன்னு நெனச்சேன்.

என்ன ஊரு இது? மானாமதுரையா? இறங்கிறாத, நிக்க மாட்டான், அஞ்சு நிமிஷம்தான். பானை விக்கிற கடையைப் பாரு, ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாளு வந்து நெதானமா ஒண்ணு வாங்கணும். எங்க ஆபீஸ் பானையில விரிசல் விட்டுருச்சு.

மே இருபத்திரண்டாந்தேதி அந்தப் பொண்ணுகிட்ட இருந்து ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. வைஸ் சான்சலருக்கு, மந்திரிக்கு, மகளிர் கமிஷனுக்குன்னு நகல் எல்லாம் போட்டு. இந்தத் தடவை நம்பர் போட்டேன். போட்டுத்தானே ஆகணும், நகல் அத்தனை பேருக்குப் போயிருக்கே. குழு கூடுச்சு. ரிட்டயர் ஆனவங்க இடத்துக்கும் காலமானவரு இடத்துக்கும் அவசரமா ரெண்டு பேரைப் போட்டாங்க. மினிட்ஸ் எழுத என்னைக் கூப்பிட்டாங்க, கையெழுத்து நல்லாருக்கும்னு. அந்த ஆளையும் அந்தப் பொண்ணையும் எதிரெதிர உக்கார வச்சாங்க. டீ, முறுக்கு எல்லாம் வந்துச்சு. பாப்பா நீ ஏன் அந்த ரூமுக்குப் போனன்னு ஒருத்தர். சத்தம் போட்டியா இல்லையான்னு ஒருத்தர். முன்னாடி அவரு கொண்டு வந்த பிரியாணியைச் சாப்பிட்டியா இல்லையான்னு ஒரு மேடம். சாப்பிட்டேன்னுச்சு. நாப்பது நிமிஷம் பேசுச்சு அந்தப் பொண்ணு. நான் எழுதுனது நாலு வரி. அழுதுச்சு. அழுகையை மினிட்ஸ்ல எப்படி எழுதுறது? அதுக்கு எங்க ஃபார்மட்ல இடமே கிடையாது.

கடைசியில என்ன முடிவுன்னா, புகார் மூணு மாசத்துக்குள்ள குடுத்திருக்கணும். பிப்ரவரி நாலுக்கு மே நாலு. வந்தது மே இருபத்திரண்டு. பதினெட்டு நாள் தாமதம், தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்ல, தள்ளுபடி. அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னு சொல்லுச்சு, நான் மார்ச் பதினொண்ணாந்தேதியே குடுத்தேனே, இந்தா இவங்ககிட்டதான் குடுத்தேன்னு. கையை நீட்டி. என்னை.

ஏழு பேரும் என்னைப் பாத்தாங்க. ரெஜிஸ்ட்ராரும் அங்க இருந்தாரு, அவரு கேட்டாரு, என்னம்மா, பதிவு இருக்கான்னு. நான் சொன்னேன், பதிவு எதுவும் இல்ல சார்.

பொய் இல்ல பாப்பா. திருப்பி அனுப்புனதுக்கு நம்பர் போட மாட்டோம். நம்பர் போட்டாத்தான் பதிவு, பதிவுக்குத்தான் ரசீது. நம்பர் இல்லாதது வந்ததாவே கணக்கு இல்ல. அதுதான் எங்க முறை. வேணும்னா எந்த யுனிவர்சிட்டியிலயும் போய்க் கேளு.

அந்தப் பொண்ணு விடல. கோர்ட்டுக்குப் போயிருச்சு. ஓய்வு பெற்ற ஜட்ஜம்மா ஒருத்தரை விசாரிக்கச் சொல்லி உத்தரவு. மார்ச்ல மனு வந்துச்சா இல்லையா, அதுதான் இன்னைக்குக் கேள்வி. வந்திருந்தா கேஸு நிக்கும், இல்லைன்னா அந்தப் பொண்ணு பொய் சொன்னதா ஆகி படிப்பும் போச்சு. அதான் ரிஜிஸ்டரோட போறேன். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வாக்குமூலத்தை டைப் அடிச்சே குடுத்துட்டாங்க. இந்தா, பிளாஸ்டிக் ஃபைல்ல இருக்கு. ‘குறிப்பிட்ட தேதியில் அவ்வாறான பதிவு எதுவும் பதிவேட்டில் காணப்படவில்லை.’ கையெழுத்து மட்டும் போடணும். நேத்து சாயங்காலம் ரெஜிஸ்ட்ரார் கூப்பிட்டு உக்காரச் சொன்னாரு. முப்பத்திரண்டு வருஷத்துல அவங்க ரூம்ல நான் உக்காந்ததே இல்ல. டிசம்பர்ல உங்களுக்குப் பெரிய பிரிவு உபசார விழா நடத்தணும்மான்னாரு. அப்புறம் சொன்னாரு, ரிட்டயர் ஆகுற நேரத்துல ஒரு சார்ஜ் மெமோ வந்தா நல்லாவா இருக்கும்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவந்தான். கோவம் இல்லாம? நாங்களும் பொம்பளைங்கதானே, நாங்களும் வேலை பாத்தோம்ல. நான் சேந்த புதுசுல ஒரு செக்‌ஷன் ஆபீசர் இருந்தாரு. ஃபைலை வாங்குற சாக்குல விரலைப் பிடிப்பாரு. நான் மனுவா எழுதுனேன்? ஃபைலோட அந்த ஓரத்தைப் பிடிச்சு நீட்டப் பழகிக்கிட்டேன். பாரு, இப்பக்கூட அப்படித்தான் நீட்டுறேன், இந்த நுனியைப் பிடிச்சு. அந்த ஆளு செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு, கை இன்னும் அப்படியே போகுது. இருக்கட்டும். நான் சமாளிக்கல?

என்ன பாப்பா, பின்னாடியே திரும்பித் திரும்பிப் பாக்குற? யாரு? நீலச் சட்டைக்காரரா? எங்க, பழைய இடத்துல ஆளைக் காணோம். இறங்கிட்டாரா?

இல்ல. அந்தா. மூணு சீட்டு முன்னாடி வந்துட்டாரு. யாரு அவருக்கு முன்னாடி? அந்த மஞ்சச் சுடிதார் பிள்ளையா? மானாமதுரையில ஏறுன பிள்ளைதானே அது, பன்னெண்டாம் வகுப்பு கூட இருக்காது.

தூக்கத்துலன்னு சொன்னேன்ல நான். தூங்குறவருக்கு இடம் மாறத் தெரியுமா?

அந்தப் பிள்ளை சன்னலோட ஒட்டிக்கிட்டுப் போகுது பாரு. இன்னும் ஒட்ட இடம் இல்ல. பையை எடுத்து முதுகுக்குப் பின்னாடி வைக்குது. யாரையும் பாக்க மாட்டேங்குது.

பிடி இந்தப் பையை.

கண்டக்டர்! ஏ கண்டக்டரு! இங்க வாங்க! அந்த ஆளை எந்திரிச்சு முன்னாடி வந்து நிக்கச் சொல்லுங்க! ஆமாய்யா, உன்னைத்தான்! கால் எங்க இருக்கு உனக்கு? எடு காலை! பெரிய மனுஷனாம் பெரிய மனுஷன்! என்ன, யாரு பாத்தாவா? நான் பாத்தேன்! இந்தா இந்தப் பிள்ளையும் பாத்துச்சு! நீ எந்திரிச்சு இங்கிட்டு வா கண்ணு, எங்க பக்கத்துல வந்து உக்காரு. அழாத. யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

ம். ம். நல்லா வேணும். திருப்புவனத்துல இறக்கி விட்டுட்டு வண்டியை எடுங்க கண்டக்டரு, நேரமாச்சு.

அப்பா. நான் இப்படிச் சத்தம் போட்டு எத்தனை வருஷமிருக்கும். என் சத்தம் எனக்கே வேற யாரோ மாதிரி இருந்துச்சு. பையைக் குடு.

நீ முதல்ல வந்து சொன்ன. நான் தூக்கம்னு சொன்னேன். சொன்னேன்ல? நான் அப்பவே ஒரு சத்தம் போட்டிருந்தா அந்தப் பிள்ளை பக்கத்துக்கு அவன் போயிருப்பானா?

ரிஜிஸ்டரை எடுக்குறேன், கொஞ்சம் நகரு. உனக்குக் காட்டுறேன். உனக்கு என்ன, நீ யாரோ, நான் யாரோ. மார்ச்… இந்தா, மார்ச் பதினொண்ணு. அன்னைக்கு வந்த தபால் முப்பத்தாறு. எல்லாம் நீல இங்க்ல நம்பரோட இருக்கு. அதுக்குக் கீழ பாரு, வெறும் தாளு. அங்கதான் எங்க செக்‌ஷன்ல ஒரு வழக்கம் இருக்கு. திருப்பி அனுப்புனதைப் பென்சில்ல அடியில குறிச்சு வைப்போம். மறந்துறக்கூடாதுல்ல. அது திருத்தி வந்தவுடனே அன்னைய தேதியில நம்பர் போட்டுட்டு, பழைய பென்சிலை ரப்பரை வச்சு அழிச்சிருவோம். அந்த மனு மே மாசம் வந்துச்சுல்ல, அப்ப இதை அழிச்சேன். எல்லாத்தையும் அழிக்கிற மாதிரிதான், பழக்கத்துல.

பழக்கத்துல இல்ல பாப்பா.

பழக்கம்னா அரை நிமிஷ வேலை. எல்லார் முன்னாடியும் அழிப்பேன். இதை நான் எப்ப அழிச்சேன் தெரியுமா? மனு வந்த அன்னைக்கு அழிக்கல. குழுவுல அந்தப் பொண்ணு என்னைப் பாத்துக் கையை நீட்டுச்சே, அன்னைக்குத் திரும்பி வந்து, பூமிநாதனை டீ வாங்க அனுப்பிட்டு, ரூம் கதவைச் சாத்திட்டு அழிச்சேன். அழிச்ச தூளை ஊதி விட்டேன். யாரும் அழிக்கச் சொல்லல. ரெஜிஸ்ட்ரார்கூட இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. எனக்குப் பயம். இது மனு வந்ததுக்கு மட்டும் சாட்சி இல்ல, அதை நான் எங்க அனுப்புனேங்கிறதுக்கும் சாட்சி. அதுதான் பயம்.

இப்ப அங்க ஒண்ணும் இல்ல. வெறும் தாளு. ஜட்ஜம்மா பாத்தாலும் வெறும் தாளுதான். டைப் அடிச்சது பொய் இல்ல பாரு, ‘காணப்படவில்லை’ன்னுதான் போட்டிருக்கு. காணத்தானே படல?

என்ன செய்ற? ஏன் ரிஜிஸ்டரைத் தூக்குற? வெயில்ல சாய்க்காத, தாளு… என்ன தெரியுது?

பள்ளமா இருக்கா. விரல்ல தட்டுப்படுதா.

என் அழுத்தம். நான்தான் சொன்னேனே, மேசையில பதியும்னு.

படி. படிச்சிரு. நான் கண்ணாடி கொண்டு வரல. கொண்டு வந்திருக்கேன், பையில இருக்கு, நீ படி. ‘11.3.’ சரி. ‘காளீஸ்வரி, தாவரவியல்.’ ஆமா. ‘புகார்.’ ஆமா. அதுக்கப்புறம்? ‘சிதம்பரநாதன் மீது.’ அதையுமா எழுதியிருக்கேன்? நானா? மீதுன்னா தெரிஞ்சேதான் எழுதியிருக்கேன். கடைசியில? மெதுவாச் சொல்லு, அந்தப் பிள்ளை கேக்கும். ‘நெறியாளர் மூலம் அனுப்ப, துறைக்குத் திருப்பப்பட்டது.’

ஒரே வரியில ரெண்டையும் எழுதியிருக்கேன். யார் மேல புகாருன்னும், யார்கிட்ட அனுப்புனேன்னும். எனக்கு உறைக்கவே இல்ல பாரு. எழுத்து மட்டும் அழகா இருந்திருக்கும்.

அந்தப் பொண்ணு தண்ணியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போச்சு பாப்பா. அன்னைக்குக் கூட.

சிலைமான் வந்துருச்சா? அப்ப இருபது நிமிஷம்தான். உன்கிட்ட நோட்டு இருக்கா? ஒரு தாளு கிழிச்சுக் குடு. கோடு போட்டதுன்னாலும் பரவாயில்ல. பேனா என்கிட்ட இருக்கு. அந்தப் பிளாஸ்டிக் ஃபைலை எனக்கு அடியில வை, எழுத ஒரு தாங்கல் வேணும். அதுக்காவது ஆகட்டும்.

அனுப்புநர். சௌந்தரவல்லி, கண்காணிப்பாளர், தபால் பிரிவு. பெறுநர். விசாரணை அதிகாரி அவர்கள், மதுரை. பஸ்ஸு ஆடுது, எழுத்து கோணுது. முதல் தடவையா என் எழுத்து கோணுது. அம்மா, மார்ச் மாதம்… என்ன, ஏன் தாளையே பாக்குற? எங்க?

அட.

நான் எழுதல பாப்பா, கையே எழுதிருச்சு. நடுவுல. ‘பதிவாளர் மூலமாக.’ ரெஜிஸ்ட்ரார்கிட்டயே குடுத்து அனுப்பச் சொல்றேன். நீ பாக்கலைன்னா இப்படியே கொண்டு போய் நீட்டியிருப்பேன்.

அடிச்சுட்டேன். தாளு கிழிஞ்சுருச்சா? கிழியட்டும். இல்ல, வேற தாளு வேண்டாம், இதுலயே எழுதுறேன். நான் அடிச்சது அந்தம்மாவுக்குத் தெரியட்டும். முப்பத்திரண்டு வருஷத்துல என் முதல் அடித்தல்.

தேதியை மட்டும் இன்னொரு தடவை படி பாப்பா. நீ சொல்லு, நான் எழுதுறேன்.